பறங்கிப் பூவும் ஓசோனும்

மார்கழி பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓசோன் வீசத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் ஓசோன் பூமிக்கு மிக அருகில் வருகிறதாம், அதைச் சுவாசிக்கத்தான் நம் முன்னோர்கள் கன்னிப் பெண்களை நாலு மணிக்கு எழுப்பி வாசலில் கோலம் போட வைத்தார்களாம். கீழே கும்பிடும் கைகள் இரண்டு. முதலில் அனுப்புவது சிதம்பரத்தில் இருக்கும் சித்தப்பா. பத்து நிமிடத்தில் அதையே சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் திருப்பி அனுப்புவான். சாணி கிருமிநாசினி, பறங்கிப் பூவின் மஞ்சள் கண்ணுக்கு நல்லது, குனிந்து கோலம் போட்டால் இடுப்பு எலும்புக்கு யோகா, அரிசி மாவு எறும்புக்குச் சோறு என்று தை பிறக்கும் வரை வரிசையாக வரும். எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல.

ஓசோனை முதலில் முடித்துவிடுகிறேன். நம்மைக் காக்கிற ஓசோன் படலம் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலம் போடுகிற பெண்ணைப் பார்க்க அது சேத்தியாத்தோப்புக்கு இறங்கி வருவதில்லை. தரையருகே இருக்கிற ஓசோன் வேறு. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயில் பட்டு வினைபுரிந்து உண்டாவது அது. வெயில் வேண்டும் என்பதால் பொதுவாக விடியலில் குறைவாகவும் மதியத்துக்கு மேல் கூடுதலாகவும் இருக்கும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். எறும்புக் கதையும் அப்படித்தான். இன்று தெருவில் கூவி விற்கிற கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்த மாவு. அதைத் தின்கிற எறும்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

தப்பான தகவல் என்பதற்காக மட்டும் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்காரவில்லை. தப்பான தகவல் ஒரு நாளைக்கு நூறு வருகிறது. அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். முன்னோர்கள் "போட வைத்தார்கள்". யாரை? கன்னிப் பெண்களை. யோசித்தவர் முன்னோர், அவருக்கு நம் மனதில் தாடி இருக்கிறது. குனிந்தவள் பெண், அவளுக்குப் பெயர்கூட இல்லை. தாத்தா விஞ்ஞானி, பேத்தி லேப் அசிஸ்டென்ட். ஒரு சடங்கை மெச்சுவதாகச் சொல்லிக்கொண்டு, அதைச் செய்தவளையே வெளியே தள்ளிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் அந்தச் சடங்கு எதற்காக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தியதில் எனக்கும் பங்குண்டு.

1

மார்கழி முழுக்க வாசலில் சாணிப் பிள்ளையார் வைப்பார்கள். உருண்டை பிடித்து, அருகம்புல் சொருகி, நடுவில் ஒரு பறங்கிப் பூ. பூ யார் வீட்டுக் கொல்லையில் பூத்திருக்கிறது என்பது முந்தின நாள் சாயங்காலமே தெருப் பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். விடிவதற்குள் போய்ப் பறிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டால் சண்டை. அன்றைக்கு வைத்த உருண்டையைச் சாயங்காலம் தட்டி, பூவோடு சேர்த்துக் காயவைப்பார்கள். முப்பது நாளுக்கும் அப்படி வறட்டி சேரும். பொங்கல் போய், மாட்டுப் பொங்கல் போய், மறுநாள் கரிநாள். நகரத்துக்காரர்கள் காணும் பொங்கல் என்று சொல்கிற அதே நாள். அன்றைக்குத் தெருவில் இருக்கிற கல்யாணமாகாத பெண்கள் எல்லாம் அந்த வறட்டிகளைக் கூடையில் அடுக்கி, மஞ்சள் வைத்து, வெள்ளாற்றுக்குக் கொண்டுபோய்க் கரைப்பார்கள். பிறகு மணலில் கும்மி. பிறகு கட்டுச்சோறு. இருட்டுகிற வரைக்கும் அங்கேதான்.

ஆயாக்கள் பாதி வழிவரை வருவார்கள். ஆண்கள் கிடையாது. யார் பாட்டெடுப்பது, யாரை வட்டத்தில் சேர்ப்பது, எப்போது கிளம்புவது எல்லாமே பதினாலு பதினைந்து வயதுப் பெண்களின் முடிவு. வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் ரேஷன் கடைக்குப் போவதற்குக்கூட தம்பியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போன பெண்கள் அவர்கள்.

2004 ஜனவரி. நான் பதினொன்றாம் வகுப்பு, தங்கைக்குப் பதிமூன்று. கரிநாள் சாயங்காலம் தாத்தா என்னைக் கூப்பிட்டார். "பாலத்தாண்ட பசங்க நிக்கிறானுவளாம். நீ போயி பாப்பாவ கூட்டிகிட்டு வந்துடு." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கரையில் நின்று பேர் சொல்லிக் கத்தினேன். கும்மி நடுவில் இருந்தாள். வட்டத்தில் ஒரு கை விட்டுப்போனது, மற்றவர்கள் நெருங்கி அந்த இடத்தை மூடிக்கொண்டார்கள். கையில் பாதி கடித்த கரும்போடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பாலத்துக்கிட்ட நின்றவர்களில் இரண்டு பேர் என் வகுப்புப் பையன்கள். அவர்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் ஆற்றுக்கு இறங்கினேன். "டேய், கிளம்புங்கடா" என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தாவுக்கும் தோன்றவில்லை. பையன்கள் பாலத்தில் நிற்பது இயற்கை. பெண் பிள்ளைகள் ஆற்றில் இருப்பது விசேஷம். இரண்டும் மோதினால் எது விலக வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் அவளை அனுப்பவில்லை. அதற்கடுத்த வருஷங்களில் ஒவ்வொரு வீடாக நின்றது. ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்குப் பத்தாம் வகுப்பு, ஒருத்தி வயசுக்கு வந்துவிட்டாள். பத்து வருஷம் கழித்து, சென்னையில் குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பறங்கிப் பூ படத்தோடு ஒரு பதிவு போட்டேன். எங்கள் மண், எங்கள் பண்பாடு, நகரமயமாதல் அழித்துவிட்ட நாட்டார் மரபு. நல்ல விருப்பக்குறிகள். தங்கை வந்து கீழே ஒரே வரி எழுதினாள்: "அண்ணா, கும்மியிலேருந்து என்ன இழுத்துகிட்டு வந்தது யாரு?"

அந்த வரியை மறைத்துவிட்டேன். பதிவை மட்டும் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

நகரமயமாதல் என்று எழுதினேனே, அது பொய். எங்கள் தெருவில் அந்தச் சடங்கை அழித்தது நகரம் இல்லை. ஒரு தாத்தா, ஒரு சைக்கிள், ஒரு அண்ணன்.

2

முளைப்பாரிக்கு வருவோம். மார்கழி ஓசோன் மாதிரி ஆடியில் இதற்கு ஒரு செய்தி சுற்றும். முளைப்பாரி என்பது விதைத் தேர்வாம். கிராமத்து விதைகளின் முளைப்புத் திறனைப் பரிசோதிக்கப் பழந்தமிழர் கண்ட அறிவியலாம். இதை மேடையில் பேராசிரியர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் நிற்காது.

சோதனை என்றால் எத்தனை விதை போட்டோம், எத்தனை முளைத்தது என்று எண்ண வேண்டும். முளைப்பாரியில் யாரும் எண்ணுவதில்லை. ஒன்பது வகைத் தானியத்தைக் கலந்து, வைக்கோலும் எருவும் போட்ட ஒரே பானையில் தூவிவிட்டால் எதன் திறனை எப்படித் தனியாக அறிவது? வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பதால் பயிர் வெளிறி மஞ்சளாக நெடுநெடுவென்று நீளும். வயலில் அப்படி வளர்ந்தால் விவசாயி தலையில் கை வைப்பான். நெல்லுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. எங்கள் பக்கத்தில் விதை நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கண்ட பிறகுதான் நாற்றங்காலில் தெளிப்பார்கள். விதை பொய்த்தால் சாக்கைப் பிரிக்கிறபோதே தெரிந்துவிடும். அம்மனிடம் போய் அறிக்கை வாங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி. சோதனையின் முடிவை யாராவது கேட்டு நடக்க வேண்டும். "இந்த வருஷம் இந்த விதை சரியில்லை, மாத்துங்க" என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் வந்து சொன்னால், எந்த ஊரில் எந்தப் பெரியவர் விதையை மாற்றினார்? மென்பொருளில் ஒரு சோதனையை ஓட்டி, அதன் முடிவை யாரும் பார்க்கவில்லை என்றால் அதைச் சோதனை என்று சொல்ல மாட்டோம்.

அப்படியானால் முளைப்பாரி எதற்கு? போட்ட நாளிலிருந்து கரைக்கிற நாள் வரை ஒவ்வொரு இரவும் பெண்கள் அதைச் சுற்றிக் கும்மியடிக்க வேண்டும். பாட்டுக் கேட்டால்தான் பயிர் வளரும் என்பது நம்பிக்கை. பயிருக்குப் பாட்டுத் தேவையோ இல்லையோ, பாடுகிறவளுக்கு அந்த இரவு தேவைப்பட்டது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண், தோழிகளோடு, வீட்டுக்கு வெளியே, சத்தமாக. வருஷத்தின் மற்ற இரவுகளில் இந்த நான்கில் ஒன்று நடந்தாலே வீட்டில் கலவரம். பானைக்குள் தானியம் வளர்ந்தது. பானைக்கு வெளியே வளர்ந்ததைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

3

இது தமிழர்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். சீனாவின் வடமேற்கில் கான்சு மாகாணத்தில் ஷீஹ என்ற ஊர்ப்பக்கம் ஒரு விழா இருக்கிறது. பெயர் சீச்சியாவ், "கைத்திறனை வேண்டுதல்" என்று பொருள். அவர்களின் ஏழாம் மாதம் ஏழாம் நாளில் முடிகிற ஏழு பகல், எட்டு இரவு. மரபாக அதை நடத்தியவர்கள் கல்யாணமாகாத பெண்கள். காகிதத்தில் தெய்வம் செய்து ஒரு வீட்டில் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பாடி ஆடி, தண்ணீர் எடுத்து வந்து, கடைசி இரவு தெய்வத்தை வழியனுப்புவார்கள். முன்னதாகவே தானியங்களை முளைக்கப் போட்டிருப்பார்கள். அந்த முளையைக் கிள்ளி நீரில் போட்டு, கிண்ணத்தின் அடியில் விழுகிற நிழலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். நிழல் ஊசி மாதிரி இருந்தால் இவள் கை தையலில் தேறும்.

1936இல் ஜாவ் ஸீஷியான் என்ற உள்ளூர் ஆசிரியர், மாணவர்களை வைத்து இந்தப் பாடல்களைச் சேகரித்தார். தெய்வப் பாட்டோடு பாட்டாக அந்தப் பெண்கள் பாடியது என்ன தெரியுமா? தாங்கள் கேட்காமல் முடிவான கல்யாணத்தை, மாமியார் வீட்டை, கட்டி ஒடுக்கப்பட்ட பாதத்தை. சாமி முன்னால் பாடினால் வைய முடியாது. 2008இல் சீன அரசு இவ்விழாவைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஏழாம் நாளை நகரத்துக் கடைகள் "சீனக் காதலர் தினம்" என்று சொல்லிச் சாக்லேட் விற்கின்றன. திறமை கேட்ட பெண்களின் நாள், பரிசு வாங்குகிற காதலிகளின் நாளாகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் ஏதென்ஸ். அங்கே பெண்கள் அடோனிஸ் விழாவுக்காக உடைந்த மண்கலங்களில் சீக்கிரம் முளைக்கும் கீரையும் சோம்பும் விதைத்துக் கூரைமேல் வைப்பார்கள். சில நாளில் முளைத்து, சில நாளில் வாடும். தண்ணீரில் கொண்டுபோய் விடுவார்கள். பிளேட்டோவின் "பைத்ரஸ்" உரையாடலில் சாக்ரடீஸ் இதைச் சொல்லிக் காட்டுகிறார்: புத்தியுள்ள விவசாயி தன் நல்ல விதையை அடோனிஸ் தோட்டத்தில் அக்கறையோடு விதைப்பானா? அதெல்லாம் விளையாட்டுக்கு. எனக்கு சாக்ரடீஸ் மேல் இங்கே ஒரு மரியாதை. விளையாட்டு என்று சொல்லிவிட்டார், விதைத் தேர்வு என்று புளுகவில்லை. ஆனால் அந்த விளையாட்டு ஏன் அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது என்று அவரும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட ஏதென்ஸ் பெண்கள் இரவில் கூரையேறிச் சத்தமாக அழவும் பாடவும் கிடைத்த சில நாட்கள் அவை.

மூன்று ஊர், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. மூன்றிலும் பெண்கள், முளை, தண்ணீர், பாட்டு. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்ணைப் பூட்டி வைக்கிற எல்லா ஊரிலும் பூட்டைத் திறக்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சாமிதான் அதிகம் கேள்வி கேட்கப்படாத சாக்கு.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய "ஒய் லாய்ட்டர்?" 2011இல் வந்தது. மும்பையில் ஒரு பெண் பொதுவெளியில் நிற்க வேண்டுமென்றால் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தின் வாதம். பஸ்ஸுக்கு, வேலைக்கு, காய் வாங்க. சும்மா நிற்கும் உரிமை ஆணுக்கு மட்டும். மும்பைக்கே அப்படி என்றால் வெள்ளாற்றங்கரைக்கு என்ன காரணம் சொல்ல முடியும்? வறட்டி கரைக்க வந்தோம் என்று சொல்லலாம். அதுதான் அந்த வறட்டியின் பயன்.

4

இந்த இடத்தில் பகுத்தறிவு நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. "அதான் நாங்க அப்பவே மூடநம்பிக்கைன்னு சொன்னோமே." உங்களோடும் எனக்குக் கணக்கு இருக்கிறது. கல்லூரியில் நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன், இப்போதும் சாமி கும்பிடுவதில்லை. சாணிக்குப் பூ வைத்தால் நல்ல மாப்பிள்ளை வருவான் என்பது மூடநம்பிக்கைதான். ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்தோம்?

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு டீக்கடை இருந்தது, பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருந்தது, அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் இருந்தது, ரசிகர் மன்றம் இருந்தது, கட்சிக் கொடிக் கம்பத்தடி இருந்தது. அதில் எதற்கும் சாமி தேவைப்படவில்லை. அதனால் பையன்கள் நாத்திகர் ஆவது சுலபம். சாமியை விட்டால் அவனுக்குப் போவது சுண்டல் மட்டும். பெண் பிள்ளை சாமியை விட்டால் ஆறு போகும், ராத்திரி போகும், தோழிகள் போவார்கள். இந்த ஏற்பாட்டைப் பார்க்காமல் "ஏம்மா இன்னும் இதையெல்லாம் நம்பற" என்று கேட்பது, ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு நேராக நடக்கச் சொல்வது.

ஆகவே சடங்கை அப்படியே திருப்பிக் கொண்டு வா என்கிறேனா? இல்லவே இல்லை. அந்த அனுமதிச் சீட்டுக்கு ஒரு விலை இருந்தது. விலையை மறைத்துவிட்டு ஏக்கம் எழுதுவதுதான் நான் அந்தப் பழைய பதிவில் செய்த இரண்டாவது திருட்டு.

முதல் விலை, ரத்தம். அந்த நாட்களில் தூரமானால் வட்டத்தில் இடமில்லை. முப்பது நாள் பூ தேடிப் பறித்தவள் கரிநாள் அன்று திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்ப்பாள். இரண்டாவது விலை, காலக்கெடு. கல்யாணமானால் சீட்டு ரத்து. அதுவரை வேண்டிக்கொள்வதும் கல்யாணத்துக்காகவே. அதாவது இந்த விளையாட்டு சீக்கிரம் முடிய வேண்டும் என்று விளையாடிக்கொண்டே வேண்டுகிறாள்.

மூன்றாவது விலையைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேச மாட்டார்கள். நான் "தெருப் பெண்கள் எல்லாம்" என்று மேலே எழுதினேன். எந்தத் தெரு? ஊர்த் தெரு. காலனிப் பெண்களுக்கும் மார்கழி உண்டு, பறங்கிப் பூ உண்டு, வெள்ளாறு உண்டு. அவர்கள் வேறு நேரத்தில், வேறு துறையில் இறங்கினார்கள். எந்தச் சட்டத்திலும் அது எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலை, தலித் மக்கள் உள்ளே போவதா கூடாதா என்ற தகராறில் 2023 ஜூனில் பூட்டிச் சீல் வைத்தார்கள். அவர்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது. கோயிலுக்கே இந்தப் பாடு என்றால் ஆற்று மணலில் கைகோத்து ஆடுகிற வட்டத்துக்குள் யார் யாரைச் சேர்ப்பார்கள்?

தாத்தா என்னை ஆற்றுக்கு அனுப்பியது 2004 ஜனவரி என்றேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2003 ஜூலையில், எங்கள் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி, முருகேசன் இருவரையும் பெண்ணின் குடும்பத்தினர் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். இருவரும் ஒரே ஊர், வேறு வேறு சாதி. தங்களுக்குள் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். முருகேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த தலித் இளைஞர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2021 செப்டம்பர் வரை ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள்.

அந்தச் செய்தி எங்கள் வீட்டில் எப்படிப் பேசப்பட்டது என்று எனக்கு நினைவிருக்கிறது. கொன்றவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. "பொட்டப் புள்ளைங்கள கண்ணுல வச்சிப் பாத்துக்கணும்" என்பதுதான் பேச்சு. தாத்தா கெட்டவர் இல்லை. ஆனால் பாலத்துப் பையன்களைப் பற்றி அவர் பயந்தது தங்கைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மட்டும் இல்லை. அவளுக்கு யாரையாவது பிடித்துவிடும் என்பதும் அந்தப் பயத்தில் இருந்தது. கும்மி வட்டம் வரைக்கும் அனுமதி. வட்டத்திலிருந்து தலையை உயர்த்தி ஒருத்தனைப் பார்த்தால் சைக்கிள் வரும். அதற்கு மேலும் போனால் என்ன வரும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே தீர்ப்பு நகல் இருக்கிறது.

பண்பாடு பண்பாடு என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் கும்மியும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. கும்மியை மட்டும் படம் பிடிக்கிறோம்.

5

பெண்களின் சடங்கு எப்போது மரியாதை பெறுகிறது என்று பாருங்கள். பெண்கள் அதிலிருந்து போன பிறகு. சங்க காலத்துத் தைந்நீராடல், பரிபாடலில் வையைக் கரையில் கன்னியர் ஆடுகிற அம்பாவாடல், ஆண்டாளின் திருப்பாவை, மாணிக்கவாசகரின் திருவெம்பாவை என்று ஒரு நீண்ட கோடு இருக்கிறது. விடியலில் ஒருத்தி இன்னொருத்தியை "இன்னுமா தூங்குற" என்று எழுப்பிக்கொண்டு கூட்டமாக நீராடப் போவதுதான் அதன் சாரம். அந்தப் பாட்டு கடல் தாண்டித் தாய்லாந்து வரை போனது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் சடங்கின் பெயரிலேயே திருவெம்பாவை இருக்கிறது. அங்கே ஓதுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிய பாட்டு அரண்மனைக்குள் போனது, பெண்கள் போகவில்லை.

நம் பக்கத்திலும் மார்கழி விடியலில் பாவைப் பாட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. பாட்டு தெருவில் இருக்கிறது. பெண் கதவுக்குள் இருக்கிறாள். கோலம் இப்போது கேட்டுக்கு உள்ளே, டைல்ஸ் தரையில், சிசிடிவி பார்வையில். ஜவுளிக்கடைக் கோலப் போட்டிக்கு மட்டும் தெருவை அடைத்து இடம் தருவார்கள். முதல் பரிசு குக்கர். பெண்கள் பூக்களை அடுக்கிச் சுற்றிப் பாடும் பதுக்கம்மா 2014இல் தெலங்கானாவின் மாநில விழாவானது. 2017 முதல் அரசு இலவசச் சேலையும் கொடுத்தது. விழாவுக்கு அரசு வந்துவிட்டது, சேலை வந்துவிட்டது. விழா முடிந்த மறுநாள் இரவு அதே பெண் அதே குளக்கரைக்கு வந்து உட்கார்ந்தால் யார் என்ன கேட்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெண்ணின் கோலம் எதுவரை மரபு என்பதற்கு ஒரு தேதி சொல்கிறேன். 2019 டிசம்பர் 29, அதுவும் மார்கழிதான். சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மாவு, புள்ளி, மாதம், விடியல் எல்லாம் அதேதான். அவர்கள் அதில் தாங்கள் நினைத்ததை எழுதினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்று எழுதியிருந்தால் குக்கர் கிடைத்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, இந்த மார்கழிக்கு ஓசோன் அனுப்ப விரல் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பெண் இருந்தால், அவள் கடைசியாக வீட்டுக்கு வெளியே தோழிகளோடு சும்மா எப்போது உட்கார்ந்திருந்தாள் என்று கேளுங்கள். ஸ்கூல், டியூஷன், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் கணக்கில் வராது. அவளுக்குப் பதில் யோசிக்க நேரம் எடுத்தால் உங்கள் மரபு எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மரபைக் காப்பது சாணியைக் காப்பதில் இல்லை. சாணிக்கு இல்லாத உரிமை எதுவும் அவளுக்கு வேண்டாம், அது போகிற ஆற்றுக்கு அவளும் போக வேண்டும், அவ்வளவுதான். தூரமானாலும், கல்யாணமானாலும், எந்தத் தெருவில் பிறந்தாலும், கையில் வறட்டி இல்லாவிட்டாலும்.

தங்கைக்கு இப்போது பதினொரு வயதில் ஒரு மகள். இந்த முறை பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாள். கரிநாள் சாயங்காலம், மகளையும் அவளோடு படிக்கிற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் கிளம்பினாள். இருவரில் ஒருத்தி காலனிப் பெண். கூடை இல்லை, பூ இல்லை. ஒரு பாக்கெட் முறுக்கு மட்டும். "நானும் வரட்டுமா" என்று கேட்டேன். "நீ எதுக்கு?" என்றாள். சைக்கிள் இல்லாத காலத்திலும் அந்தக் கேள்வி எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள். எதிர் வீட்டுப் பெரியம்மா திண்ணையிலிருந்து கேட்டார்.

"என்னாடி, ஆத்துக்குப் போயிட்டு வறீங்க, எதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல பெரிம்மா, சும்மாதான்" என்றாள்.